சங்கிலி வாளும் எரிபொருள் கசிவும்

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, வாலாஜாபாத்துக்கு அண்மையில் தென்னேரி என்னும் ஊர் உள்ளது. ஊரைக் காட்டிலும் அதன் ஏரியே புகழ் பெற்றது. தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையன் பெயரால் திரையன் ஏரி என்று வழங்கியதே நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்பர். கரை, மதகு, கலங்கல் ஆகிய மூன்றும் செம்மையாக இருந்தால் ஏரி நிற்கும். ஒன்றில் பழுது நேரினும் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். ஏரிப் பாசனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏரி அன்று. அரை லிட்டர் அளவே கொள்ளும் ஒரு சிறு தொட்டியைப் பற்றியது. மரம் அறுக்கப் பயன்படும் சங்கிலி வாளின் பெட்ரோல் தொட்டி அது. மரம் வெட்டுவோர் இக்கருவியைச் 'செயின் சா' என்றே சொல்கின்றனர். நாமும் வேண்டுமிடத்து அவ்வாறே சொல்வோம். ஏரியின் கசிவைக் கண்டறிய நம் உழவர் கையாளும் முறைக்கும், இச்சிறு தொட்டியின் கசிவைக் கண்டறியும் முறைக்கும் வேற்றுமை மிகுதியாக இல்லை என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

சென்ற சில ஆண்டுகளில் இக்கருவி நம் நாட்டுப்புறங்களில் மிகப் பரவிவிட்டது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகில் கரையைக் கடந்தபோது, சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாலைகளின் குறுக்கே வீழ்ந்தன. அந்நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வண்டலூர் உயிரியல் பூங்காவும் தன் மரங்களைப் பெருமளவில் இழந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. இத்தகைய நாட்களில் கோடரியும் கைவாளும் கொண்டு வழி திறப்பதென்றால் வாரங்கள் ஆகும். நோயாளியை ஏற்றிய வண்டி ஒரு புறமும் வீழ்ந்த புளியமரம் மறு புறமும் நிற்கையில், சங்கிலி வாளின் ஓசையைப்போல் இனிய ஓசை வேறில்லை. புயல் இல்லாத காலத்தும் ஏரிகளின் உட்புறத்தில் மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்ற இதுவே கருவி. அம்மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1870-களில் விதை வருவித்துச் சென்னை மாகாணத்தில் வளர்க்கப்பட்டது. விறகுக்காக வந்த அது நீர்நிலைகளையெல்லாம் தனதாக்கிக்கொண்டது தனிக்கதை.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளையும், 1929-இல் பெட்ரோலால் இயங்கும் வாளையும் செய்தார். அக்காலத்து வாள்கள் இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பளு உடையவை. சங்கிலியின் பற்களுக்கு இன்றைய வடிவம் கிடைத்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-இல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்று, மரத்தின் நரம்போட்டத்தைப் பொருட்படுத்தாது இடமும் வலமுமாகக் கடித்துச் செல்வதைக் கண்டார். அதன் வளைந்த தாடைகளைப் போலவே உருக்கில் பற்கள் அமைத்தார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் பெரும்பாலும் அப்புழுவுக்குக் கடன்பட்டவை.

இனிக் கசிவுக்கு வருவோம். சில துளி பெட்ரோல் சொட்டினால் என்ன கெட்டுவிடும், காசு நட்டந்தானே என்று சிலர் எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பாருங்கள். 5 மில்லி லிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய முக்கால் லிட்டருக்கு மேற்பட்ட ஆவி ஆகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே பெட்ரோல் ஆவி கலந்தாலும் அக்கலவை தீப்பற்றும். ஆகவே ஒரு தேக்கரண்டிப் பெட்ரோல், மூன்று குடம் கொள்ளும் காற்றைத் தீப்பற்றக் கூடியதாக மாற்ற வல்லது. மேலும் இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்து போவதில்லை. தரையில் தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். பெட்ரோல் ஆவி பற்றுவதற்கு நம் நாட்டு வெயில் கூடத் தேவையில்லை. நீர் உறையும் குளிருக்கும் கீழே 40 பாகையிலும் அது பற்றக்கூடிய அளவு ஆவியை விடுகிறது. இதே கருவியின் மறுபுறத்தில், ஒரு சாண் தொலைவில், தொட்டால் தோல் உரியும் சூட்டில் சைலன்சர் இருக்கிறது. கருவியை ஏந்தியவர் அதனைத் தம் தொடையருகே வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். கசிந்த பெட்ரோல் அவர் வேட்டியிலோ கால்சட்டையிலோ ஊறியிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கசிவை அறிய வேண்டுமானால் பெட்ரோல் செல்லும் பாதையை முதலில் அறிதல் வேண்டும். தொட்டியின் வாயில் மூடி. மூடியில் ஒரு ரப்பர் வளையம். தொட்டிக்குள் ஒரு ரப்பர் குழாய் தொங்குகிறது. அதன் முனையில் கனமான வடிகட்டி. வாளை எப்படிக் கவிழ்த்தாலும் வடிகட்டி தன் கனத்தால் பெட்ரோல் இருக்கும் பக்கம் சென்று படியும். குழாய் தொட்டியின் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ரப்பர்க் கட்டு இருக்கும். சிலவற்றில் குழாயே தடித்து அத்துளையை அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் புக வேண்டும் அல்லவா? அதற்கென ஒரு காற்றுப்போக்கி உண்டு. பெரும்பாலானவற்றில் அது ஒருவழிப் பாதை: காற்று உள்ளே வரலாம், பெட்ரோல் வெளியே போகலாகாது. குழாயின் மறுமுனை கார்புரேட்டரைச் சேர்கிறது. சில வாள்களில் கையால் அழுத்திப் பெட்ரோலை ஏற்றுவதற்குக் கண்ணாடிபோல் தெரியும் ஒரு குமிழும் இடையில் இருக்கும்.

இக்கார்புரேட்டர் பழைய மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்றது அன்று. அதிலே ஒரு கிண்ணமும் மிதவையும் இருக்கும்; வண்டி நிமிர்ந்து நின்றால்தான் மிதவை தன் வேலையைச் செய்யும். மரம் அறுப்பவரோ வாளைச் சாய்ப்பார், படுக்க வைப்பார், தலைகீழாகவும் பிடிப்பார். ஆகையால் இங்கே மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வுகள் இரண்டு அமைந்துள்ளன. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது அதன் அடியிலுள்ள அறையில் அழுத்தம் ஏறி இறங்குகிறது. ஒரு சிறு வழியாக அத்துடிப்பு முதற் சவ்வை எட்டுகிறது. சவ்வு நாடிபோல் துடித்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இரண்டாம் சவ்வே அளந்து விடுவது. அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று. மறுபக்கம் பெட்ரோல் நிறைந்த சிற்றறை. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சியதும் அறையில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு ஒரு நெம்புகோலை அழுத்த, நெம்புகோலின் மறுமுனை கூரிய ஊசி ஒன்றைத் தூக்குகிறது. பெட்ரோல் உள்ளே வருகிறது. போதுமான அளவு வந்ததும் ஒரு சுருள்வில் ஊசியைப் பழையபடி அமர்த்திவிடுகிறது. இந்த ஊசிதான் நம் தொட்டியின் மதகு. மதகின் பலகை சரியாக இறங்காத ஏரியில் என்ன நடக்குமோ, அதுவே ஊசி சரியாக அமராத வாளிலும் நடக்கிறது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சித்திரை மாதம். தென்னேரிக் கரையில் காலை முழுதும் கருவேலம் அறுத்த ஒருவர், வாளை வெயிலில் வைத்துவிட்டு நிழலில் அமர்ந்து உண்கிறார். திரும்பி வந்து பார்த்தால் வாளின் அடியில் ஈரம், பெட்ரோல் நாற்றம். தொட்டி உடைந்துவிட்டது என்று முடிவு கட்டி, பசை வாங்கிவர ஆள் அனுப்புகிறார். அவர் முடிவு தவறாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. ஏன்?

மூடிய தொட்டி வெயிலில் சூடேறும்போது இரண்டு நிகழ்கின்றன. உள்ளிருக்கும் காற்று விரிய முயல்கிறது. இது சிறிய அளவே. பெட்ரோல் மேலும் மேலும் ஆவியாகிறது, இதுவே பெரியது. 38 பாகை வெப்பத்தில் பெட்ரோல் ஆவியின் அழுத்தம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியை எட்டும். காற்றுப்போக்கியோ வெளியே விடாது. ஆகவே அழுத்தம் பெட்ரோலைக் குழாய் வழியே கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. ஊசி நன்றாக இருந்தால் அவ்வழுத்தத்தைத் தாங்கி நிற்கும். ஊசிமுனையில் ஒரு மணல் துகள் இருந்தாலும் போதும். பெட்ரோல் சிற்றறையை நிரப்பி, கார்புரேட்டரின் தொண்டையில் வழிந்து, காற்று வடிகட்டியை நனைத்து, உடலின் மடிப்புகளில் ஓடி, கடைசியில் தொட்டியின் அடியிலே சொட்டுகிறது. துளி விழுவது தொட்டியின் அடியில். பழுது இருப்பது அரையடி மேலே.

காஞ்சிபுரத்துத் தறிகளில் இதே உண்மையை நாள்தோறும் காணலாம். பாவு இழை ஒன்று அறுந்தால் நெய்த பட்டில் நீளக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தையே தடவிக்கொண்டிருப்பவர் நெசவாளர் ஆகார். அவர் கண் அச்சைத் தாண்டி, விழுதைத் தாண்டிப் பின்னே செல்லும். அறுந்த முனை அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

சொட்டுவது எது என்பதை முதலில் தெளிய வேண்டும். சங்கிலி வாளில் தொட்டிகள் இரண்டு. ஒன்றில் பெட்ரோல், மற்றொன்றில் சங்கிலிக்குப் பூசும் எண்ணெய். பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தே ஊற்றுகிறோம். லிட்டருக்கு 20 மில்லி லிட்டரோ 40 மில்லி லிட்டரோ, செய்தவர் குறித்தபடி. அந்த ஆயிலில் பச்சை, நீலம், சிவப்பு என ஏதேனும் ஒரு சாயம் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் துளியை ஒற்றி எடுங்கள். சில நிமிடங்களில் பெரும்பகுதி உலர்ந்து, மெல்லிய வண்ணத் தடம் மட்டும் எஞ்சினால் அது பெட்ரோல் கலவை. உலராமல் பிசுபிசுத்துப் பரவினால் அது சங்கிலி எண்ணெய். அதற்கு மருந்து வேறு.

பெட்ரோல்தான் என்று உறுதியானால், எஞ்சின் நன்றாக ஆறிய பின் வாளைத் திறந்த வெளிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீட்டுக்குள் வேண்டா, அடுப்பும் பூசை விளக்கும் உள்ள இடத்தில் வேண்டவே வேண்டா. ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுக. தூரிகையாலும் துணியாலும் மரத்தூளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முற்றத் துடைத்துவிடுக. இந்த ஒரு வேலையைப் பலர் செய்வதில்லை. அழுக்கு, பஞ்சுபோல் பெட்ரோலை உறிஞ்சி வேறோரிடத்தில் கொண்டு சேர்க்கும். அதன்மேல் கசிவைத் தேடுவது சேற்று நீரில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும். துடைத்த பின், ஐயமுள்ள இடங்களில் சாக்கட்டித் தூளை மெல்லத் தூவினால், ஈரம் புறப்படும் இடம் கருத்துக் காட்டும்.

ஏரி முறை இப்போது பயன்படுகிறது. நீர் நிரம்பியிருக்கும்போது கசிந்த கரை, நீர் இறங்கியதும் கசியாது நின்றால், துளை அந்நீர்மட்டத்துக்கு மேலே உள்ளது என்று உழவர் அறிவார். அவ்வண்ணமே தொட்டியைப் பாதி நிரப்பி, வெள்ளைத் தாளின் மேல் வாளை நிறுத்துக. கால் மணி நேரம் கழித்துப் பார்த்து, ஒரு பக்கம் சாய்த்து வைத்து மீண்டும் கால் மணி நேரம் பொறுத்திருக்க. இப்படியே நான்கு பக்கமும். மூடி கீழிருக்கும்போது மட்டும் கசிந்தால் மூடியோ அதன் வளையமோ குற்றவாளி. குழாய் வெளியேறும் பக்கம் கீழிருக்கும்போது கசிந்தால் ரப்பர்க் கட்டு. எப்படி வைத்தாலும் அடியிலிருந்து ஊறினால் தொட்டியின் பொருத்துவாயிலோ சுவரிலோ விரிசல்.

இவ்வாறு எப்பக்கமும் கசியாது நின்று, வெயிலில் மட்டும் கசிந்தால், கார்புரேட்டரையே ஐயுற வேண்டும். அதை உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. கார்புரேட்டரில் சேரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, அதன் வாயில் வழவழப்பான ஒரு போல்ட்டை இறுகச் செருகி அடைத்துவிடுக. முன் கசிந்த அதே நிலையில், அதே நேரம் வைத்துப் பாருங்கள். கசிவு நின்றுவிட்டால் பழுது கார்புரேட்டரில். நிற்கவில்லையேல் தொட்டியின் பக்கத்தில். ஒரே ஒரு சோதனை, பழுதின் பாதி உலகத்தை விலக்கிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் ஒரு மாறியை நிறுத்தி மற்றொன்றைச் சோதிப்பது இதுவே அன்றி வேறன்று.

பழுது பார்ப்போரிடம் அழுத்தமானி பொருத்திய கைப்பம்பு இருக்கும். அதனைக் கார்புரேட்டரின் வாயில் பொருத்தி, கருவியின் குறிப்பேட்டில் சொல்லிய அழுத்தம் வரை காற்றை ஏற்றுவர். மானியின் முள் அசையாது நின்றால் ஊசி நல்லது. மெல்ல இறங்கினால், கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடமே பழுதின் இடம். இரண்டாம் சவ்வின் மூடியில் காற்றுக்கென ஒரு சிறு துளை இருக்கும் என்றேன் அல்லவா, வெளிக்காற்று அவ்வழியேதான் சவ்வைத் தொடுகிறது. அத்துளையிலிருந்து பெட்ரோல் வந்தால், ஊசியைத் தேட வேண்டியதில்லை, சவ்வே கிழிந்துவிட்டது.

வெளியே கசியாத கசிவும் ஒன்றுண்டு, அதுவே வஞ்சகமானது. குழாயின் விரிசல் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே இருந்தால் துளி விழாது. ஆனால் எஞ்சின் உறிஞ்சும்போது பெட்ரோலோடு காற்றும் உள்ளே போகும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியே எண்ணெய் ஊற்றும் ஏற்பாடு இல்லை. பெட்ரோலில் கலந்த ஆயிலே அதன் உயிர். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் காய்ந்து, உருளையில் இறுகி நின்றுவிடும். வாளைச் சாய்க்கும்போது வேகம் தானே ஏறுவதும் சட்டென நிற்பதும் இதன் அறிகுறிகள். அப்போது பலர் கார்புரேட்டரின் 'எச்', 'எல்' என்னும் திருகுகளைத் திருப்பத் தொடங்குகின்றனர். கசிவுக்கு அத்திருகுகள் மருந்தாகா. காய்ச்சல்காரனுக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது போன்றது அது.

ரப்பர் ஏன் கெடுகிறது? முதுமை ஒரு காரணம், வெயில் மற்றொன்று. இக்காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுவதையும் கருத வேண்டும். 2022 ஜூனில் நம் நாடு முழுவதும் கலப்பு நூற்றுக்குப் பத்து என்னும் அளவை எட்டியது. பின்னர் அது இருபதாக உயர்ந்தது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும். உலர்ந்தபின் விறைத்து வெடிக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். மழைக்காலம் முழுதும் தொட்டியிலே கிடந்த பெட்ரோலின் அடியில் நீரும் எத்தனாலும் தனிப் படலமாகப் பிரிந்து நிற்றல் உண்டு. புயலுக்குப் பின் எடுத்தால் வாள் கிளம்பவில்லை என்று நொந்துகொள்பவர்கள், சென்ற புயலின் பெட்ரோல் இன்னும் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்தல் நன்று.

இனி மருத்துவம். மூடியின் வளையம் மலிவானது. தட்டையாகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ புதிது போட்டுவிட வேண்டும். புதிது போடுமுன் மூடி அமரும் விளிம்பைத் துடைக்க வேண்டும்; ஒரு மரத்தூள் ஒட்டியிருந்தாலும் புது வளையமும் கசியும். மூடியைச் சாவியாலும் குறடாலும் முறுக்கி இறுக்குவது வளையத்தை நசுக்குவதேயன்றிக் கசிவை நிறுத்தாது.

குழாயை மாற்றுவதில் சிறிது கைத்திறன் தேவை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் முனையைக் கொக்கியாக வளைத்துத் தொட்டியின் வாய்வழியே விட்டால், உள்ளே கிடக்கும் வடிகட்டியைக் குழாயோடு வெளியே இழுத்துவிடலாம். புதுக் குழாயின் முனையைச் சாய்வாகச் சீவி, இரண்டு துளி டூ-ஸ்ட்ரோக் ஆயில் தடவித் துளையில் நுழைத்தால், கூர்முனை மறுபுறம் எட்டிப் பார்க்கும். அதை மூக்குக் குறடால் பற்றி இழுத்து, சீவிய பகுதியை வெட்டிவிட வேண்டும். ஸ்குரூ டிரைவரால் குத்தித் திணித்தால் புதுக் குழாயே கிழியும். அளவு முக்கியம்: வடிகட்டி தொட்டியின் எல்லா மூலைகளையும் எட்ட வேண்டும், மடிந்துகொள்ளும் அளவுக்கு நீளமும் கூடாது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும் என்று எண்ண வேண்டா. பெட்ரோலுக்கென்று செய்யாதது சில வாரங்களில் விறைத்துப்போகும்.

காற்றுப்போக்கியைச் சோதிப்பது எளிது. கழற்றிய போக்கியில் சிறு குழாய் பொருத்தி மெல்ல ஊதினால் ஒரு திசையில் காற்றுப் போக வேண்டும். எதிர்த்திசையில் தடைப்பட வேண்டும். இரு திசையும் போனால் கசியும். இரு திசையும் தடைப்பட்டால் ஐந்து நிமிடம் ஓடி எஞ்சின் நிற்கும், மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்றை இழுத்து மீண்டும் ஓடும். ஊசியால் குத்தித் துளையிடுவோர் ஒரு நோயைத் தீர்த்து மற்றொன்றை வரவழைக்கின்றனர்.

கார்புரேட்டரைத் திறப்பது பொறுமை வேண்டும் வேலை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைக்க வேண்டும். ஊசியின் முனையில் வளையம்போல் தேய்வுத் தடம் தெரிந்தால் அது தன் காலத்தை முடித்துக்கொண்டது. தடம் இன்றி அழுக்கு மட்டும் இருந்தால், சுத்தம் செய்து மீண்டும் பொருத்தலாம். ஊசி அமரும் குழியைக் கம்பியால் சுரண்டலாகாது. பஞ்சுக்குச்சியும் காற்றும் போதும். சவ்வைத் தட்டினால் காய்ந்த பனையோலைபோல் சலசலத்தால் அது விறைத்துவிட்டது. ஊசியும் சவ்வுகளும் அடங்கிய கிட் விலைக்குக் கிடைக்கிறது. ஒன்று கெட்டால் முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். பொருத்தும்போது நெம்புகோலின் உயரம் முன்னிருந்தபடியே இருத்தல் வேண்டும். சற்று உயர்ந்தாலும் சவ்வு எப்போதும் ஊசியைத் தூக்கிக்கொண்டே இருக்கும். கசிவைத் தீர்க்கப் போய் நிலையான கசிவை அமைத்தவர் ஆவோம்.

தொட்டி விரிசல் விட்டிருந்தால்? லாரி ஓட்டுநர்கள் டீசல் தொட்டியின் விரிசலில் சலவைச் சவர்க்காரத்தைத் தேய்த்து ஊர்வந்து சேர்வது உண்டு. சவர்க்காரம் டீசலிலும் பெட்ரோலிலும் எளிதில் கரைவதில்லை. அந்த அறிவு வியக்கத்தக்கது. ஆயினும் அது ஊர்வந்து சேர்வதற்கு மட்டுமே. நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழலும் எஞ்சினோடு அதிரும் தொட்டியில் சவர்க்காரமும் நிற்காது. சிலிக்கோன் பசையும் பெட்ரோலில் உப்பிக் கழன்றுவிடும். எம்-சீல் போன்ற பசைகள் சிலவகைப் பிளாஸ்டிக்கில் பற்றும், சிலவகையில் பற்றவே பற்றா. என் கருத்தைக் கேட்டால், விரிசல் விட்ட தொட்டியை மாற்றுவதே முறை. பற்றவைத்து ஒட்டுவதாகச் சொல்பவரிடம் கொடுப்பதினும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம். காலியான தொட்டியில் தங்கிய ஆவி, நிறைந்த தொட்டியினும் கொடியது.

பழுது நீங்கிய பின் தொட்டியைத் தளும்ப நிரப்பலாகாது. 500 மில்லி லிட்டர் பெட்ரோல் 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 10 மில்லி லிட்டர் விரியும். அதற்கு இடம் விட வேண்டும். நிரப்பிய இடத்திலேயே கருவியைக் கிளப்பாமல் பத்தடியாவது தள்ளிச் சென்று கிளப்ப வேண்டும். ஊசி கசிந்த வாளாயின் ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும். கசிந்த பெட்ரோல் பிஸ்டனின் அடியிலும் தேங்கியிருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, கயிற்றை ஐந்தாறு முறை மெல்ல இழுத்து அதை வெளியேற்றிய பின்னரே பிளக்கைப் போட வேண்டும்.

அன்று இரவு வாளை நிழலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் தாளில் ஒரு கறை இருக்கக் காணலாம். பதற வேண்டா, தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் தடிப்பும் உள்ள அந்தக் கறை பெரும்பாலும் சங்கிலியிலும் அதன் தகட்டிலும் தங்கிய எண்ணெய் வடிந்தது. ஓடி நின்ற வாள்கள் யாவும் சிறிது நேரம் அப்படி எண்ணெய் விடுபவையே. தாளின் மறுபக்கம், தொட்டிக்கு நேர் கீழே, வெண்மையாகவே இருந்தால் வாளை வேலைக்கு எடுத்துச் செல்லலாம்.